கோப்பின் இரண்டாம் பக்கம்

டூரல்லா சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கும் நாளன்று, முதல் சங்கு ஊதும்போது எந்த ஓட்டுநரின் பெயர் எஞ்சின் கதவில் எழுதியிருக்கிறதோ, பருவம் முடியும்வரை அந்த எஞ்சின் அவருக்குத்தான். எழுதியவரே மனமுவந்து அழித்தாலொழிய வேறு யாரும் அதை அழிக்க முடியாது. மேலாளராலும் முடியாது, சங்கத்தாராலும் முடியாது. ஏழாம் எண் எஞ்சினின் கதவில் பதினெட்டு வருஷமாக வெர்னா மலேட்டாவின் பெயர் இருந்தது. கரும்பு ரயிலை ஓட்டிய முதல் பெண் அவள். அதைப் பற்றி அவள் பெருமை பேசியதில்லை. ஆனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் வெள்ளை பெயிண்டைத் தொட்டுத் தன் பெயரை எழுதும்போது, கடைசி எழுத்துக்குப் பிறகு தூரிகையை எடுக்க அவளுக்கு மனம் வராது.

பத்தொன்பதாவது வருஷம், ஏப்ரலில் ஓட்டுநர்களுக்கு நடக்கும் உடல் பரிசோதனையில் அவள் சிறுநீரில் லேசாக ரத்தம் தெரிந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். வலது பக்கம் பதின்மூன்று மில்லிமீட்டரில் ஒரு கல். அது போதாதென்று இன்னொரு செய்தியும் கூடவே வந்தது. நகரத்திலிருந்து மாதம் ஒருமுறை வரும் சிறுநீரக மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்.

“எல்லாருக்கும் ரெண்டு கிட்னியும் தனித்தனியா இருக்கும். உங்களுக்குக் கீழ்ப்பக்கம் ஒட்டிக்கிட்டுப் பிறந்திருக்கு, குதிரை லாடம் மாதிரி. பயப்படாதீங்க. நாப்பத்தேழு வருஷம் அது உங்களைத் தொந்தரவு பண்ணல. கல்லை மட்டும் எடுத்துடுவோம்.”

“அறுக்கணுமா டாக்டர்?”

“வேண்டாம். கல்லை அதிர்வலையால உடைக்கிற மெஷின் மே மாசம் ஒரு லாரியில வருது. வெளியில இருந்தே அடிச்சு உடைச்சிடலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. உங்களைக் குப்புறப் படுக்க வெச்சுத்தான் அடிக்கணும். அடி கீழேயிருந்து வரும். உங்க கிட்னி முதுகெலும்புக்கு முன்னால, கொஞ்சம் தாழ்வா உக்காந்திருக்கு. மல்லாக்கப் படுத்தா எலும்பு குறுக்க நிக்கும். அடியெல்லாம் எலும்புதான் வாங்கும். கோப்புல எழுதிடறேன்.”

எழுதவும் செய்தார். கோப்பின் இரண்டாம் பக்கத்தில், குழந்தைக்கும் புரியும் கையெழுத்தில்.

சிறுநீரகத்தில் கல் உள்ளவர் எஞ்சினில் ஏறக்கூடாது என்பது ஆலையின் சட்டம். வெர்னா அதைக் குறை சொல்லவில்லை. அறுநூறு டன் கரும்பு பின்னால் தள்ளிக்கொண்டு வர, நெடுஞ்சாலையைக் கடக்கும் நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநர் சுருண்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஜூன் இரண்டாம் செவ்வாய் முதல் சங்கு. அதற்குள் கல் இல்லை என்று காட்டும் எக்ஸ்ரே படம் ஒன்றை அவள் கொண்டுவர வேண்டும். லாரி இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் அந்தப் பக்கம் வரும். மே மாதத்தை விட்டால் அடுத்தது ஜூலை.

அவளுடைய உதவியாளன் ரெனோ பவேரி. பத்து வருஷமாக அவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கொடி காட்டுகிறவன். செய்தி கேட்டதும் அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

“லாடம் அடிச்சுப் பிறந்த ஆளு நீங்க ஒருத்தர்தான் பாஸ். பந்தயத்துல விட்டிருந்தா இந்நேரம் கோப்பை கோப்பையா வாங்கியிருப்பீங்க.”

“பந்தயத்துல விட்டிருந்தா இந்தக் கழுதையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பத்து வருஷம் ஓட்டியிருக்க மாட்டேன்.”

“கல்லு போகலைன்னா ஏழாம் நம்பர் உனக்குத்தான்னு வேலைப் பட்டியல் போடற டாரில் என்கிட்ட சொல்றான். நான் சொல்லிட்டேன், அந்த அம்மா பேர் இருந்த கதவுல என் பேரை எழுத என் கை வராதுன்னு.”

அன்று அவன் மனதாரத்தான் சொன்னான். அதில் சந்தேகமில்லை.

மே மாதம் லாரி வந்தது. மாவட்ட மருத்துவமனையின் பின்பக்கம், சலவைக்கூடத்தை ஒட்டி நின்றது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். வெர்னா இரண்டாவது ஆள். லாரியை ஓட்டி வருகிறவரும் உள்ளே இயந்திரத்தை இயக்குகிறவரும் ஒருவரே. ட்ரெவர் ஹன்னிகன் என்று சட்டையில் பெயர் இருந்தது. அறுபதை நெருங்கிய, கூன் விழுந்த நெட்டை மனிதர். கையிலிருந்த பட்டியலை விரலால் தடவிப் படித்தார்.

“மலேட்டா. வலது. பதிமூணு மில்லி. வாங்க, ஏறி மல்லாக்கப் படுங்க.”

வெர்னா படுக்கையின் விளிம்பில் கை வைத்து நின்றாள். “மல்லாக்கவா?”

“ஆமா. கூரையில மீன் படம் ஒட்டியிருக்கேன் பாருங்க. அதையே பாத்துக்கிட்டிருங்க, நேரம் போறது தெரியாது.”

அவள் வாயில் வார்த்தை வந்துவிட்டது. ஆனால் வெளியே வரவில்லை. எஞ்சின் அறைக்குள் ஒரு வழக்கம் உண்டு. கைப்பிடி யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அடுத்தவர் யோசனை சொல்லக்கூடாது. கொடியின் நிறத்தைச் சொல்லலாம், தண்டவாளத்தில் மாடு நிற்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். ‘பிரேக் பிடி’ என்று உடன் வந்தவர் யாராவது சொன்னால் வெர்னா அடுத்த நிறுத்தத்தில் அவரை இறக்கிவிட்டுவிடுவாள். அதே மரியாதையை அவள் இந்த மனிதருக்கும் கொடுத்தாள். இன்னொன்றும் இருந்தது. கரும்பு வெட்டுவதற்காகத் தீவுகளிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம் அவளுடையது. சட்டையில் பெயர் குத்திய வெள்ளைக்காரரிடம் அவருடைய வேலையைப் பற்றிப் பேசாதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள். டாக்டர் எழுதியிருக்கிறார், இவர் படித்திருப்பார், ஏதோ காரணம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மல்லாந்து படுத்தாள்.

படுக்கையின் அடியிலிருந்து தண்ணீர்ப் பை ஒன்று எழும்பி வந்து முதுகில் குளிர்ச்சியாக ஒட்டியது. பிறகு அடி தொடங்கியது. ரப்பர் வளையத்தை இழுத்து விட்டது போல முதுகில் சுளீர் சுளீர் என்று விழுந்தது. மொத்தம் மூவாயிரம். ட்ரெவர் நல்லவராகத்தான் இருந்தார். நடுநடுவே “வலிக்குதா? நிறுத்தட்டுமா?” என்று கேட்டார். ஒருமுறை தலையணையை அவரே சரிசெய்தார். முடிவில் திரையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“எலும்போட நிழல்ல சரியாத் தெரியல. ஆனா ஓரம் கலங்கியிருக்கு. உடைஞ்சிருக்கும். தண்ணி நிறையக் குடிங்க. அடுத்தவர் யாருப்பா?”

இரண்டாம் நாள் சிறுநீரை வடிகட்டும் வலையில் மூன்று மணல் துகள்கள் விழுந்தன. அக்கா ஹில்டாதான் முதலில் பார்த்தாள். புருஷன் போன பிறகு தங்கையோடு வந்து இருப்பவள். சபையில் பாட்டுக்குழுத் தலைவி.

“அடியே வெர்னா! கல்லு வந்துடுச்சுடி! ஸ்தோத்திரம் சொல்லு!”

“மூணு துணுக்குதானேக்கா.”

“மூணு துணுக்கு வந்தா முப்பதும் வரும். உனக்கு எப்பவுமே விசுவாசம் கம்மி.”

அந்த ஞாயிறு ஹில்டா சும்மா விடவில்லை. ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்லும்படி தங்கையை முழங்கையால் இடித்தாள். சபைக்கு முன் எழுந்து நின்று பழக்கமில்லாத வெர்னா, ஆண்டவர் தன் கல்லை உடைத்தார் என்று நாலு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து எடுத்த படத்தில் கல் இருந்தது. பதின்மூன்றுக்குப் பதிலாகப் பன்னிரண்டு. மூவாயிரம் அடி வாங்கியதற்கு ஒரு மில்லிமீட்டர். கூட லாரிக் கம்பெனியிலிருந்து ஒரு தாளும் வந்தது. ‘சிறுநீரகத்தின் பிறவிக் குறைபாடு காரணமாக அதிர்வலைச் சிகிச்சை பலனளிக்கவில்லை.’

வெர்னா அந்த வரியை அடுப்படியில் நின்றபடி படித்தாள். பிறகு தாளை மடித்து அக்காவிடம் கொடுத்தாள்.

“ஆண்டவர் சோதிக்கிறாரு” என்றாள் ஹில்டா, மெதுவாக.

“சோதிக்கறதுக்கு முன்னால, என்னைச் செய்யறப்போ கொஞ்சம் கவனமாச் செஞ்சிருக்கலாம்.”

“வாயைக் கழுவுடி.”

“சபையில கைதட்டினாங்களே, அதை எப்படிக்கா திருப்பிக் குடுக்கறது?”

தங்கையை இடித்த முழங்கையை ஹில்டா மறு கையால் தேய்த்துக்கொண்டாள்.

ஆலையில் ஆள்களின் பாதுகாப்பையும் வேலைப் பட்டியலையும் பார்த்துக்கொள்பவன் டாரில். அவன் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தான். ‘பிறவிக் குறைபாடு’ என்ற இடத்தில் அவன் விரல் நின்றது.

“வெர்னா, இந்த வருஷம் மட்டும்னா பரவாயில்ல. ஆனா இதுல பிறவியிலேயேன்னு போட்டிருக்கு. அப்போ மறுபடி கல்லு வரும், மறுபடி உடையாது. அப்படித்தானே?”

“அப்படித்தான் எழுதியிருக்கு.”

“எடைமேடையில ஆள் வேணும். உக்காந்த வேலை. நீங்க எங்களுக்கு வேண்டியவங்க, விட்டுட மாட்டோம்.”

ஜூன் இரண்டாம் செவ்வாய் காலையில் முதல் சங்கு ஊதியபோது ஏழாம் எண் எஞ்சினின் கதவில் ரெனோவின் பெயர் இருந்தது. வராது என்று சொன்ன கை, எழுத்தைக் கோணாமல் எழுதியிருந்தது. வெர்னா எடைமேடையின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். கரும்பு ரயில் ஆலைக்குள் நுழையும்போது ஒவ்வொரு பெட்டியாக மேடை மேல் ஏறி இறங்கும். அவள் எடையைப் படித்து ரேடியோவில் சொல்ல வேண்டும். முதல் நடை வந்ததும் ரெனோ ஜன்னல் வழியாகக் கை அசைத்தான்.

“பாஸ்! பக்கத்து சீட்டு காலியா இருக்கற மாதிரியே இருக்கு!”

“பக்கத்து சீட்டுல ஆள் இருக்கு. நான் இருந்த சீட்டுல நீ இருக்க” என்றாள் அவள். ரேடியோவில் சொல்லவில்லை. கண்ணாடிக்குள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஐந்து வாரம் போனது. ஜூலையில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து அக்கா தங்கை இருவரும் வீட்டுக்கு வந்தபோது வாசல் கதவுக்கு வெளியே ஒரு நெட்டை மனிதர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நான் ட்ரெவர். கல்லுடைக்கிற லாரி…”

“தெரியும். மீன் படம்.”

அவர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். “போன மாசம் வடக்க ஒரு ஊர்ல உங்களை மாதிரியே ஒட்டின கிட்னிக்காரர் ஒருத்தர் வந்தார். என்னை மல்லாக்கப் போடாதே, குப்புறப் போடுய்யான்னு அவரே சத்தம் போட்டார். போட்டேன். கல்லு மாவாப் போச்சு. உடனே, பிறவிக் குறைன்னு தாள் வந்த உங்க ஞாபகம் வந்தது. கோப்பை வரவழைச்சுப் பாத்தேன். டாக்டர் ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்காங்க. பட்டியல்ல வலதா இடதான்னும் கல்லோட அளவும் மட்டும்தான் வரும். நான் அதோட நிறுத்திட்டேன். பக்கத்தைப் புரட்டல.”

ஹில்டா உள்ளே போனாள்; வெர்னா அவரை உள்ளே கூப்பிடவில்லை. “அப்போ என் கிட்னியில கோளாறு இல்ல.”

“இருக்கு. ஆனா கல்லு உடையாததுக்கு அது காரணமில்ல. நான்தான் காரணம்.”

“இதைச் சொல்லத்தான் வந்தீங்க. சொல்லிட்டீங்க. இனிமே உங்களுக்கு லேசா இருக்கும். நிம்மதியாச் சாப்பிடுவீங்க. எனக்கு?” அவள் குரல் ஏறியது. “பதினெட்டு வருஷம்யா! என் எஞ்சின்ல இன்னொருத்தன் போறான். அவன் எத்தனை டன் கொண்டாந்தான்னு நான் எண்ணிச் சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கேன். சபையில எழுந்து நின்னு பொய்ச்சாட்சி சொன்னவளாயிட்டேன். உங்க மன்னிப்பை நான் எங்க கொண்டுபோய் வைக்கறது?”

“மன்னிப்புக் கேக்கல” என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். “கம்பெனிக்கு எழுதிக் குடுத்திருக்கேன். இது உங்களுக்கு நகல். ஆலைக்கும் ஒண்ணு அனுப்பியாச்சு.”

அவள் வாங்கிப் படித்தாள். ‘சிகிச்சை தோற்றதற்குக் காரணம் நோயாளியின் உடல் அமைப்பு அல்ல. மருத்துவரின் குறிப்பைப் படிக்காமல் நான் அவரைத் தவறான விதத்தில் படுக்க வைத்தேன்.’ கீழே முழுப்பெயர், கையெழுத்து. சுற்றி வளைக்கும் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை.

“உங்க வேலை என்ன ஆகும்?”

“தெரியல.”

வெர்னா தாளை மடித்தாள். கோபம் போகவில்லை. ஆனால் நேர்மையான ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பாதி உண்மையை மட்டும் உள்ளே பூட்டி வைக்க அவளால் முடியவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றாள். “குப்புறப் படுக்கணும்னு டாக்டர் என்கிட்டயும் சொன்னாங்க. நான் வாயைத் திறக்கல.”

“ஏன்?”

“கைப்பிடி உங்க கையில இருந்தது.”

அவர் அதைப் புரிந்துகொண்டார் போலிருந்தது. லாரி ஓட்டுகிறவர்தானே. “நீங்க சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். பின்னால ஆறு பேர் காத்துக்கிட்டிருந்தாங்க. டாக்டர் நீங்களா நானான்னு கேட்டாலும் கேட்டிருப்பேன்.”

வீட்டுக்குள்ளிருந்து ஹில்டாவின் குரல் வந்தது. “சண்டைய உள்ள வந்து போடுங்க! தேங்காப்பால்ல போட்ட கிழங்கு ஆறிப்போகுது. அந்த ஆளு காலையில இருந்து நிக்கிறார்னு பக்கத்து வீட்டுக்காரி சொல்றா.”

அவர் சாப்பிட்டார். மூன்று பேரும் அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது சொன்னார்: “செவ்வாய்க்கிழமை லாரி இங்கதான் நிக்கும். பட்டியல் நிறைஞ்சிருக்கு. என் சாப்பாட்டு நேரம் ஒரு மணி. அது என்னுது. டாக்டர்கிட்ட பேசிட்டேன். வர்றீங்களா?”

வெர்னா போனாள். இந்த முறை குப்புறப் படுத்தாள். தண்ணீர்ப் பை அடிவயிற்றில் ஒட்டியது. ட்ரெவர் படுக்கையை விரல் அளவு மேலும் கீழுமாக நகர்த்தி, அடிக்கொருதரம் படம் பார்த்தார். கோப்பின் எல்லாப் பக்கங்களும் பக்கத்து மேசையில் விரித்து வைக்கப்பட்டிருந்தன. வயிற்றில் விழுந்த அடி முதுகில் விழுந்ததைவிட மோசமாக வலித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபித்தாள். கல்லுக்காக ஜெபித்தாளா, ரெனோவை வெறுக்காமல் இருப்பதற்காக ஜெபித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆயிரத்து எண்ணூறாவது அடியில் ட்ரெவர் ‘ஆ’ என்றார். திரையில் கல் இருந்த இடத்தில் ஒரு புகை போல ஏதோ பரவியிருந்தது. அவருடைய ரொட்டித் துண்டு, காகிதத்தைக்கூடப் பிரிக்காமல், இயந்திரத்தின் மேல் அப்படியே இருந்தது.

“உடைஞ்சது பாதி வேலைதான்” என்றார் அவர். “ஒட்டின கிட்னியில வெளியேறும் வழி மேல இருக்கும். மணல் கீழேயே தங்கிடும். தினம் அரைமணி தலை கீழா, கால் மேலா சாஞ்சு படுங்க. யாரையாவது முதுகுல தட்டச் சொல்லுங்க.”

இஸ்திரிப் பலகையைச் சோபாவின் கைப்பிடியில் சாய்த்து, அதில் வெர்னா சரிந்து படுக்க, ஹில்டா தட்டினாள். ஐந்து வாரம், ஒருநாள் தவறாமல்.

“நாப்பத்தேழு வயசுப் பிள்ளைக்கு ஏப்பம் வரவைக்கறேன். என் தலையெழுத்து.”

“பாட்டுப் பாடித் தட்டேன்க்கா. தாளமாவது சரியா விழும்.”

“எல்லாம் என் முழங்கை செஞ்ச பாவம்டி. உன்னை அன்னிக்கு இடிச்சிருக்கக் கூடாது.” அதை அவள் சொன்னது அந்த ஒருமுறைதான். ஆனால் தட்டும் கை அதன் பிறகு இன்னும் மெதுவானது.

மணல் வந்தது. முதலில் துகள் துகளாக, பிறகு ஒருநாள் வலியோடு ஒரு சிட்டிகை. ஆகஸ்ட் கடைசியில் ஸ்கேனே எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு நிழலில் ஏதும் ஒளிந்துவிடக் கூடாது அல்லவா. சுத்தமாக இருந்தது. ஒரு துணுக்கும் இல்லை.

வெர்னா முதலில் லாரிக் கம்பெனிக்குத்தான் தொலைபேசியில் பேசினாள். எடுத்தவள் ஒரு பெண்.

“ட்ரெவரா? அவர் இப்போ லாரியில இல்லீங்க. கிடங்குல போட்டிருக்காங்க. உதிரிப் பாகம் எண்ணுற வேலை.”

“எதனால?”

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். “தப்பு எல்லாரும்தான் பண்றாங்க. இவர் எழுதிக் குடுத்துட்டாரே. எழுத்துல இருந்தா சும்மா விடுவாங்களா?”

“அவர்கிட்ட ஒண்ணு சொல்லுவீங்களா? மலேட்டாவோட கல்லு முழுசாப் போயிடுச்சுன்னு சொல்லுங்க. மறந்துடாதீங்க.”

“எழுதிக்கறேன்” என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் படத்தையும் ட்ரெவரின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு டாரிலின் அறைக்குப் போனாள். அவன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பார்த்து அவனுக்கு என்ன தெரியும். கடிதத்தை மட்டும் படிக்காமலே மேசையில் வைத்தான். அவனுக்கு வந்த நகல் ஏற்கெனவே கோப்பில் இருந்தது.

“நல்ல சேதி வெர்னா. சந்தோஷம். ஆனா வழக்கம் உங்களுக்குத் தெரியும். கதவுல பேர் ரெனோவோடது. அவன் அழிச்சாத்தான் உண்டு.” வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தான். “ரெனோ! கொஞ்சம் வா!”

ரெனோ எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். விஷயம் கேட்டதும் துடைப்பதை நிறுத்தாமல் துடைத்துக்கொண்டே இருந்தான். கை சுத்தமாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

“பாஸ்… நீங்க இல்லாம அந்த எஞ்சின் என்னன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“அதை நான் கேக்கல.”

“பத்து வருஷம் பக்கத்து சீட்டு பாஸ். பத்து வருஷம் கொடி காட்டினேன். இப்பத்தான் பத்து வாரமா ஓட்டறேன்.” அவன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் வெட்கம் இருந்தது, ஆனால் அதைத் தாண்டி ஒரு பசி இருந்தது. அந்தப் பசியை வெர்னாவுக்குத் தெரியும். அவளுக்கும் அதே பசிதான். “நல்லா ஓட்டறேன். டாரிலைக் கேளுங்க.”

“நல்லாத்தான் ஓட்டற.”

“அதோட…” அவன் தயங்கினான். சொல்லாமல் விட்டிருக்கலாம். “கல்லு போச்சு, சரி. லாடம் லாடமாத்தானே இருக்கு பாஸ்? நாளைக்கு மறுபடி வந்தா?”

டாரில் பேனாவைத் திறந்து மூடினான். எழுதப்பட்ட ஒரு வார்த்தையை, அது பொய்யென்று சிகிச்சை செய்தவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகும், மனிதர்கள் தங்களுக்குத் தோதாக இருக்கும்போது எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இதில் ரெனோ மற்றவர்களைவிடக் கெட்டவன் அல்ல. கெட்டவனாக இருந்திருந்தால் வெர்னாவுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

“அடுத்த வருஷம் பாப்போம்” என்றான் டாரில். “மருத்துவக் குழு உங்க கேஸைப் பரிசீலிக்கும்.”

“எத்தனை நாளாகும்?”

“அது அவங்க கையில இருக்கு.”

வெர்னா படத்தை உறையில் போட்டுக்கொண்டு எடைமேடைக்குத் திரும்பினாள். அன்று மதியம்வரை ஏழாம் எண்ணின் எடையைப் படிக்கும்போது அவள் எண்ணைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்துக் கரும்பு விவசாயி ஒருவர் எடைமேடைக்குத் தொலைபேசியில் பேசினார். தன் வண்டி எப்போது எடைக்கு வரலாம் என்று கேட்டவர், பேச்சோடு பேச்சாக, அங்கே திடீரென்று ஒரு பாட்டம் மழை கொட்டியது என்றார். தண்டவாளமெல்லாம் கரும்புச் சருகு நனைந்து ஒட்டிக்கிடக்கிறது என்றார். வெர்னா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழாம் எண் முழுச் சுமையோடு, நெடுஞ்சாலைக் கேட்டுக்கு முந்தைய இறக்கத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பேருந்து கேட்டைக் கடக்கும் நேரம். ஈரச் சருகு ஒட்டிய தண்டவாளத்தில், வழக்கமாகப் பிடிக்கும் இடமான தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிய பிறகு பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்கும், ரயில் நிற்காது. பருவத்தில் ஒருமுறையோ இருமுறையோதான் அங்கே அப்படி ஆகும். அந்த நாட்களில் அவள் தொட்டிக்கு வெகு முன்னால், மாமரத்தடியிலேயே பிடித்துவிடுவாள். பக்கத்திலிருந்த ரெனோவுக்கு அதன் காரணம் தெரியாது. ஏனென்று அவன் ஒருபோதும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அவள் ரேடியோப் பொத்தானில் விரலை வைத்தாள். அழுத்தவில்லை. ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் தனக்குள் என்ன ஓடியது என்பதை அவள் பிறகு அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. ஜெபத்தில் மட்டும் சொன்னாள்.

“ஏழாம் எண்.”

“சொல்லுங்க.”

“இறக்கத்துல மழை பெஞ்சிருக்கு. சருகு ஈரமா ஒட்டியிருக்கு. தண்ணித் தொட்டி வரைக்கும் காத்திருக்காதே, மாமரத்துகிட்டயே பிரேக் பிடி. கொஞ்சம் கொஞ்சமாப் பிடி. ஒரேயடியாப் பிடிச்சே, வழுக்கும்.”

ரேடியோவில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு பிரேக்கின் நீண்ட முனகல். பிறகும் இரைச்சல். அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

“நின்னுடுச்சு” என்றது ரெனோவின் குரல். மூச்சு வாங்கியது. “கேட்டுக்கு இந்தப் பக்கமே. பேருந்து போகுது… போயிடுச்சு. பாஸ், எனக்கு இது தெரியாது பாஸ்.”

“இப்பத் தெரிஞ்சுக்கிட்ட.”

“பாஸ், நான் காலையில…”

“பாஸ்னு கூப்பிடாதே. அது உன் எஞ்சின். ஓட்டிக்கிட்டு வா.”

இருபது நிமிஷம் கழித்து ஏழாம் எண் மேடை மேல் ஏறியது. ரெனோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவள் இருந்த பக்கம் பார்த்தான். வெர்னா கண்ணாடிக்குள் குனிந்து முள்ளைப் பார்த்தாள். முதல் பெட்டியின் எடையைப் படித்தாள். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. குரல் எந்த இடத்திலும் தடுமாறவில்லை.